எழுத்தய்யாவின் வெள்ளைத் தாள்

எழுத்தய்யா வந்து சேர்ந்த பிறகு அந்தத் தெருவில் இரண்டு கையோடு நடமாடும் பிள்ளைகளைக் காண்பது அரிதாகிவிட்டது.

பதற வேண்டாம். யாருக்கும் கை போகவில்லை. இடக்கையை மடக்கி, வயிற்றோடு சேர்த்து நீல நாடாவால் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். காலையில் பள்ளி வேனுக்காக அவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால், எங்கோ சண்டைக்குப் போய் அடிபட்டுத் திரும்பிய குட்டிப் பட்டாளம் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். தெருக்காரர்கள் பொறுமையாக விளக்குவார்கள்.

"சண்டையெல்லாம் இல்லைங்க. கையெழுத்து அழகா வர்றதுக்கு."

கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் நாடா எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

நாடா எழுத்தய்யாவிடம் மட்டும்தான் கிடைக்கும். மூடிக்கிடந்த மரச்சாமான் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, 'எழுத்தைத் திருத்து, வாழ்வு திருந்தும்' என்று வாசலில் பெரிய பலகை மாட்டியிருந்தார். பலகையை எழுதியது விளம்பரம் எழுதும் ஓவியர். எழுத்தய்யா தம் கையால் ஒரு வரி எழுதி யாரும் பார்த்ததில்லை. ஏன் எழுதுவதில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, "குடை பிடிக்கிறவன் நனையத்தான் செய்வான்" என்று பதில் சொன்னார். கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் அது பெரிய கருத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அய்யாவின் தத்துவம் இதுதான். எழுத்து தலையில் பிறக்கிறது. கழுத்து வழியாக இறங்குகிறது. தோளுக்கு வந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. அங்கே இடக்கை காத்துக்கொண்டிருந்து பாதி எழுத்தைத் திருடிக்கொள்கிறது. மிச்சம் மீதிதான் வலக்கைக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் பிள்ளைகள் எழுதும்போது கொம்பு இருந்தால் சுழி இருப்பதில்லை, சுழி இருந்தால் கால் இருப்பதில்லை. திருடனைக் கட்டிப்போட்டால் திருட்டு நின்றுவிடும். இதை அவர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

திருடனைக் கட்டியதும் என்ன ஆனது என்றால், தாளைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல் போனது. பிள்ளை எழுத எழுதத் தாள் நழுவியது. எழுத்து முன்பைவிடக் கெட்டது. எழுத்து கெட்டதைப் பார்த்த பெற்றோர் நாடாவை இன்னும் இறுக்கினார்கள்.

ஆனால் மாடியில் நடந்தது வேறு. அங்கே அதிசயம் நடந்தது. சும்மா சொல்லவில்லை, கூட்டம் கூட்டமாகப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பார். ஆடுகிற முக்காலி ஒன்று, அதன்மேல் ஒரு தாள், நகத்தளவு பென்சில் துண்டு. "நான் நல்ல பிள்ளை, எழுது! சீக்கிரம், சீக்கிரம்! எல்லாரும் பாக்கறாங்க!" என்று அதட்டுவார். பிள்ளை நடுங்கிக்கொண்டே எழுதும். கோழி கிளறினாற்போல் ஏதோ வரும். அதைத் தூக்கிக் காட்டி "இது திருட்டு எழுத்து" என்பார். கூட்டம் உச்சுக்கொட்டும்.

பிறகு திரை போட்ட மேடைக்குக் கூட்டிப்போவார். விளக்கை மங்கலாக்குவார், வெளிச்சம் பட்டால் எழுத்து சிதறுமாம். மெத்தை போட்ட நாற்காலி, கால் வைக்க ஒரு பலகை, ஆடாத மேசை. தடிமனான வெள்ளைத் தாளை அட்டையில் கவ்வி மாட்டியிருப்பார். நீளமான புதுப் பென்சில் ஒன்றை எடுத்து ஊதுவார். ஊதிவிட்டு, தேன் ஒழுகும் குரலில், "அவசரமே இல்ல கண்ணு. மெதுவா எழுது. பென்சில் எந்த வழியில போகுதோ, நீயும் அந்த வழியில போ" என்பார். பிள்ளை எழுதும். முத்துக் கோத்தாற்போல் வந்து நிற்கும், 'நான் நல்ல பிள்ளை' என்று.

"அம்மா, பென்சில் தானாப் போகுதும்மா!" என்று பிள்ளைகள் இறங்கி வந்து சொல்வார்கள்.

"பாத்தீங்களா, தானாப் போகுதாம்!" என்று தாய்மார்கள் கண் கலங்குவார்கள்.

அதே பிள்ளை அதே பென்சிலால் வீட்டில் எழுதினால் மறுபடி கோழிதான். அதற்கும் அய்யாவிடம் விளக்கம் இருந்தது. ஊதியது வீடு போய்ச் சேர்வதற்குள் இறங்கிவிடுகிறது. மறுபடி வந்து ஊதிக்கொள்ள வேண்டும். பழைய பென்சிலில் ஊதினால் ஒட்டாது, புதுசு வாங்க வேண்டும். புதுசு கீழே படிக்கட்டில் விற்றது. கடையில் ஒரு பெட்டி வாங்குகிற விலைக்கு அங்கே ஒன்று கொடுத்தார்கள்.

இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் எப்போதும் ஒருவர் இருப்பார். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். பொல்லாத மனிதர் இல்லை. கடன் கேட்டால் கொடுப்பார், காய்ச்சல் என்றால் கடை மூடிய பிறகும் பாதிக் கதவைத் திறந்தாவது மாத்திரை எடுத்துத் தருவார். ஆனால் கையெழுத்து விஷயத்தில் மட்டும் அவருக்கு மூளை விடுமுறை எடுத்துக்கொள்ளும்.

அதற்குக் காரணம் அவர் தொழில். காலையிலிருந்து இரவு வரை டாக்டர்கள் கிறுக்கிய சீட்டுகளைப் படித்துப் பிழைக்கிற மனிதர். மையில் விழுந்த எறும்பு எழுந்து நடந்துபோன மாதிரி ஒரு கோடு இருக்கும். அதைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார், இறக்கிப் பார்ப்பார், வாடிக்கையாளரிடம் "இருமலா, வயித்துவலியா?" என்று கேட்டுக்கொள்வார், பிறகு சரியான மருந்தை எடுத்துக் கொடுப்பார். அவருடைய சொந்த எழுத்தோ அச்சு. 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று அவர் மாத்திரை உறையில் எழுதிக் கொடுப்பதைத் தூக்கியெறிய மனம் வராமல் வைத்திருப்பவர்கள் உண்டு. நல்ல கையெழுத்து இருந்தால் வாழ்க்கை தானாக உயர்ந்துவிடும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கிறுக்குகிற டாக்டர்கள் காரில் போவதையும், அச்சுப்போல் எழுதுகிற தாம் சைக்கிள் மிதிப்பதையும் அவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தால் மட்டும் போதுமா?

அவருக்கு ஒரே மகள். வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பு. குருவி இடக்கைக்காரி. சாப்பிடுவது வலக்கை, மற்றதெல்லாம் இடக்கை. மருந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கம் முழுக்கப் படம் வரைந்து தள்ளுவாள். மீசை வைத்த பூனை, கண்ணாடி போட்ட மீன், மாத்திரை விழுங்கும் யானை. எழுதச் சொன்னால் சில எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொள்ளும். கடைக்காரர் அதைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் படித்துப் பார்ப்பார். நாளைக்கு இவளும் மையில் விழுந்த எறும்பாகிவிடுவாளோ என்று பயம்.

ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் போய்க் கேட்டார்.

"டீச்சர், பள்ளிக்கூடம் திறந்து எத்தனை நாளாச்சு! பிள்ளைங்க இன்னும் களிமண் உருட்டுதுங்க, காகிதம் கிழிக்குதுங்க, அலை அலையாக் கோடு போடுதுங்க. எழுத்து எப்ப?"

"விரலுக்கு பலம் வந்ததும் எழுத்து வந்துரும் சார்."

"பலத்துக்கு டானிக்கு என் கடையிலேயே இருக்கே."

"அது விரலுக்குப் போகாது சார், வயித்துக்குத்தான் போகும்."

"சரி, இவ இடது கையால எழுதறாளே?"

"ஆமா, நல்லாப் புடிக்கிறா. தாளைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சுக் கொடுத்தாப் போதும்."

"மாத்தணும்ல?"

"எதுக்கு?"

எதற்கு என்று கடைக்காரர் யோசித்ததே இல்லை. பதில் வராத கேள்வி கேட்டவர்மேல் நமக்கெல்லாம் கோபம் வருமே, அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். மறுநாளே குருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். எழுத்தய்யா அவளுடைய இடக்கையை விரித்துப் பார்த்தார். மூடிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது சாதாரணத் திருடன் இல்ல. கொள்ளைக்காரன். மொத்த எழுத்தையும் அவனே வாங்கி வச்சுக்கறான்" என்றார்.

அன்றைக்குக் குருவிக்கும் நாடா ஏறியது. மற்ற பிள்ளைகளுக்கு அது தொந்தரவு. குருவிக்கோ இருந்த ஒரே நல்ல கை போயிற்று. அட்டைப்பெட்டிகள் வெறுமனே சேர்ந்துகொண்டே வந்தன. பூனைக்கு மீசை வைக்க ஆளில்லை. எப்போதும் சளசளவென்று பேசுகிறவள் பேச்சைக் குறைத்தாள். ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்து மேசைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இந்தக் கை என்னப்பா தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாள். கடைக்காரர் இருமல் மருந்து தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

பாவம்தான். அவருக்கும் வலித்தது. ஆனால் வலித்தால்தானே மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிற தொழில் அவருடையது.

நாடாவை மாட்டியும் குருவி பள்ளிக்கூடத்தில் இரகசியமாகக் கையை உருவி வரைகிறாள் என்று தெரியவந்ததும் எழுத்தய்யா கடைசி வைத்தியத்தைச் சொன்னார். மாவுக்கட்டு. எலும்பு முறிந்தால் போடுவார்களே, அதே கட்டு. விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேலே வரைக்கும், ஒரு வருடத்துக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் குருவி வலக்கையால் முத்து முத்தாக எழுதுவாள். எழுதிய சூட்டோடு சூடாகக் கட்டுப் போட்டுவிட வேண்டும். ஆறவிட்டால் எழுத்து மறுபடி இடப்பக்கம் ஓடிவிடும்.

கடைக்காரர் தம் கடை அலமாரியிலிருந்தே மாவுக்கட்டுச் சுருள்களை எடுத்து வைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவிதான் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சாவியை மேசையில் வீசிவிட்டு நின்றார்.

"என்னங்க, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? உடையாத கைக்கு மாவுக்கட்டா?"

"ஒரு வருஷம்தானே. அப்புறம் வாழ்க்கை முழுக்க நல்லா இருப்பா."

"ஒரு வருஷம் கட்டி வச்சா கை சூம்பிப் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே மருந்துக்கடை வச்சிருக்கீங்க?"

"அய்யா ஊதிக் கட்டினா சூம்பாதாம்."

"தினமும் வேன்ல பிள்ளைங்களை ஒவ்வொண்ணாத் தூக்கி ஏத்திட்டு இருக்கேன். கம்பியைப் புடிக்க ஒரு கை வேணும், பையைத் தூக்க ஒரு கை வேணும். நேத்து ஒண்ணு படியிலேர்ந்து குப்புற விழுந்துச்சு, ஊன்றிக்கக் கை இல்ல. மாத்திரை எடுத்துக் கொடுக்கறப்போ காலாவதித் தேதி பாக்காம கொடுக்கமாட்டீங்களே, அந்த ஆள்கிட்ட என்னத்தைப் பாத்தீங்க?"

"கண்ணால பாத்தேன். எத்தனை பிள்ளைங்க எழுதினதைக் கண்ணால பாத்தேன்!"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்தேன் என்கிறவரிடம் வாதாட முடியாது. இன்னும் கொஞ்சம் பார்க்க வைக்கத்தான் முடியும். மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நேராக ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்து நடந்ததைச் சொன்னார். அங்கே பிள்ளைகள் எழுதுவது எப்படி, எதில், எந்த வரி என்று டீச்சர் துருவித் துருவிக் கேட்டார். எல்லாப் பிள்ளையும் ஒரே வரிதான் எழுதுகிறது என்று கேட்டதும், "ஞாயிற்றுக்கிழமை நானும் வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் மூச்சுவிட இடமில்லை. நாற்காலி கிடைக்காதவர்கள் சன்னலில் தொங்கினார்கள். மாவுக்கட்டு நனைப்பதற்கு வாளியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் தயாராக இருந்தது. கடைக்காரர் சுருள்களை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குருவி அவர் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வாளியைப் பார்த்தாள், சுருளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. அவள் அழாமல் நின்றதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை.

முக்காலிப் படலம் முடிந்தது. கோழி கிளறியது. கூட்டம் உச்சுக்கொட்டியது. விளக்கு மங்கியது. குருவியை மேடைக்குத் தூக்கிப்போனார்கள். அய்யா பென்சிலை எடுத்து ஊதப் போகும்போது டீச்சர் எழுந்து நின்றார்.

"அய்யா, ஒரு நிமிஷம். நான் இந்தப் பிள்ளையோட டீச்சர். ஒரு ஆசை."

"சொல்லும்மா."

"இவ தன் பேரை எழுதட்டுமே. 'நான் நல்ல பிள்ளை'ங்கறது எல்லாரும் எழுதிட்டாங்க."

"அது ஆகாது. அருள் அந்த ஒரு வரிக்குத்தான் இறங்கியிருக்கு."

"சரிங்க. அதே வரியை எழுதட்டும். தாளை மட்டும் நான் கொண்டுவந்திருக்கேன். இதுல ஊதிக் கொடுங்க. சக்தி உங்க மூச்சுலதானே இருக்கு?"

அய்யா சற்றே தயங்கினார். "தாளு பெருசா சக்தி பெருசா!" என்று பின்னாலிருந்து ஒரு பக்தர் உற்சாகமாகக் கத்தினார். அய்யா அந்தப் பக்தரைப் பார்த்த பார்வையில் அன்பு அவ்வளவாக இல்லை. கூட்டம் "ஊதுங்க அய்யா, காட்டுங்க அய்யா" என்றது. வேறு வழியில்லாமல் ஊதினார். தாளில் ஊதினார், பென்சிலில் ஊதினார், பிள்ளையின் தலையிலும் ஊதினார்.

குருவி வலக்கையில் பென்சிலைப் பிடித்து எழுதினாள். 'நா' மலையேறியது. 'ன்' பள்ளத்தில் விழுந்தது. அதற்கப்புறம் வந்தது எந்த மொழி என்று சொல்ல முடியவில்லை. அவள் அப்பாவால் மட்டும் படித்திருக்க முடியும்.

எழுத்தய்யா அசரவில்லை. கையைத் தூக்கி டீச்சரைச் சுட்டினார்.

"நான் அப்பவே சொல்லணும்னு நினைச்சேன். நம்பிக்கை இல்லாத கண்ணு பட்டா அருள் இறங்காது. இந்தம்மா பார்வைதான் பிள்ளையைக் கெடுத்துருச்சு!"

அடேயப்பா, கூட்டத்துக்கு வந்த கோபம்! "வெளிய போ டீச்சர்!" "பொறாமை!" "களிமண் உருட்டறவளுக்கு என்ன தெரியும்!" கடைக்காரரும் எழுந்துவிட்டார். "டீச்சர், என் பிள்ளை வாழ்க்கையில விளையாடாதீங்க" என்றார். அந்த மனிதர் உண்மையாகவே அழும் நிலையில் இருந்தார்.

டீச்சர் கத்தவில்லை. கூட்டம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"சரி. என் பார்வை கெட்டது. ஒத்துக்கறேன். இந்த மாடியிலயே ரொம்ப நம்பிக்கை உள்ளவர் யாரு?"

எல்லா விரலும் கடைக்காரரைக் காட்டின. எழுத்தய்யாவும் பெருமையோடு தலையசைத்தார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அந்தத் தலையசைப்பு.

"அப்ப அவரே செய்யட்டும். நான் தொடக்கூட மாட்டேன். அய்யா ஊதின பென்சில், அய்யாவோட தாள், அய்யாவோட பக்தர். சார், அந்த அட்டையில மாட்டியிருக்கே வெள்ளைத் தாள், அதை எடுங்க. அதுல ஒண்ணும் எழுதலையே?"

"ஒண்ணும் இல்ல. வெறும் தாள்" என்றார் கடைக்காரர்.

"சின்ன வயசுல காசு மேல தாளை வச்சு, பென்சிலைப் படுக்க வச்சுத் தேய்ச்சிருப்பீங்கல்ல? அதே மாதிரி இந்தத் தாள் மேல லேசாத் தேய்ங்க. அழுத்த வேணாம்."

"அருள் தாளை அசிங்கப்படுத்தாதே!" என்று பாய்ந்தார் எழுத்தய்யா. முதல்முறையாக அவர் குரலில் தேன் இல்லை.

கடைக்காரருக்கு அந்தக் குரல் விசித்திரமாகப் பட்டது. ஆனாலும் அவர் நம்பிக்கையோடுதான் பென்சிலை எடுத்தார். "அய்யா, நீங்க கவலைப்படாதீங்க. வெறும் தாள்னு நான் நிரூபிச்சுக் காட்டறேன்" என்று ஆறுதல் வேறு சொன்னார். தாளை மேசையில் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து, ஒரு ஓரத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.

தாள் சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் சாம்பலாக மாட்டேன் என்றது. வெள்ளையாக ஒரு வளைவு. பக்கத்தில் ஒரு கால். இன்னும் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க வேகம் குறைந்தது. டாக்டர் சீட்டைப் படிக்கிற பழக்கத்தில் கண்ணாடியைத் தூக்கினார், இறக்கினார். இது படிக்கச் சிரமமாகவே இல்லை. யாரும் எழுதாத தாளில், முத்துக் கோத்தாற்போல், வெள்ளை வெளேரென்று நின்றது.

நான் நல்ல பிள்ளை.

"சத்தமாப் படிங்க சார்" என்றார் டீச்சர்.

கடைக்காரர் படித்தார். அவருக்கே கேட்காத குரலில் படித்தார்.

வேன் ஓட்டும் அம்மா போய் எல்லா விளக்கையும் போட்டார். மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்ததும் கட்டுக்கட்டாக அதே தாள் இருந்தது. கூடவே எழுத்து வெட்டிய இரும்புத் தகடு ஒன்று, அதை வைத்துத் தாளை அழுத்துகிற கையுருளை ஒன்று. ஆளாளுக்கு ஒரு தாளை எடுத்து விரலால் தடவினார்கள். தடவினால் வரி வரியாகப் பள்ளம் தட்டுப்பட்டது. பென்சில் நுனி அந்தப் பள்ளத்தில் விழுந்து தானாகப் போயிருக்கிறது.

"நான் அப்பவே சொன்னேன்ல, அங்க பள்ளம் இருக்குன்னு?" என்றது ஒரு பிள்ளை.

"நானும் சொன்னேன். அம்மா, நீதான் 'அதுதான்டா அருள்'னு சொல்லி வாயை மூடச் சொன்னே" என்றது இன்னொன்று.

பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதல் நாளே தெரிந்திருந்தது. பெரியவர்கள்தான் கேட்கவில்லை.

"எங்க பணத்தைத் திருப்பிக் குடு!" என்று கூட்டம் மேடையை நெருங்கியது. எழுத்தய்யா ஓடவில்லை. வேட்டை முடிந்துவிட்டது என்று தெரிந்த மனிதரின் அலுப்போடு உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க. நான் யாரையும் வீட்டுக்கு வந்து கூப்பிடல. நீங்களா ஏறி வந்தீங்க. நான் நாடா வித்தேன், அவ்வளவுதான். பிள்ளைங்க கையைக் கட்டினது நான் இல்ல."

நெருங்கி வந்த கூட்டம் அப்படியே நின்றது. அந்த ஆள் அந்த மாடியில் சொன்ன முதல் உண்மை அது. கையில் இருந்த மாவுக்கட்டுச் சுருளைக் கடைக்காரர் குனிந்து பார்த்தார். அவர் கடையில், அவர் கையால் எடுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவர் கையாலேயே கட்டியிருப்பார். வாளியில் தண்ணீர் இன்னும் ஆறவில்லை.

குருவியின் முன்னால் மண்டியிட்டு நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. தினமும் காலையில் அவரே இறுக்கிய முடிச்சு. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். நாடா அறுந்தது. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தழும்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் குலுங்கி அழுதுவிட்டார்.

"தப்பு பண்ணது இந்தக் கை இல்லம்மா. அப்பாதான்" என்றார்.

குருவி முதல் வேலையாக விடுபட்ட கையால் காதுக்குப் பின்னால் ஆசைதீரச் சொறிந்துகொண்டாள். பிறகு மேசைமேல் கிடந்த பென்சிலை அந்தக் கையாலேயே எடுத்து, சாம்பல் தாளின் ஓரத்தில், ஊதுகிற வாயோடு ஒரு முகம் வரைந்தாள். எழுத்தய்யாவை உரித்து வைத்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

"அந்த மெத்தை நாற்காலி, கால் பலகை, ஆடாத மேசை, 'அவசரமே இல்ல கண்ணு'ங்கற வார்த்தை, இந்த ஆள் பண்ணதுல அது மட்டும்தான் நிஜமான வைத்தியம். அதை வீட்டுல நீங்களே கொடுக்கலாம்" என்றார் டீச்சர். "தாளைப் புடிச்சுக்க இன்னொரு கையையும் விட்டு வைங்க. கொஞ்ச நாள்ல எழுத்து வரும். பிள்ளைங்க நடக்கறதுக்கும் இப்படித்தானே காத்திருந்தீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்க்க டீச்சருக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. போன வாரம் வரை இதே தலைகள் இதே மாதிரிதான் எழுத்தய்யாவுக்கும் ஆடின.

அந்தக் கவலை வீண்போகவில்லை. தாளு பெருசா சக்தி பெருசா என்று கத்தினாரே, அந்தப் பக்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மகனின் நாடாவை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். பணிவாகக் குனிந்து கேட்டார்.

"டீச்சர், இவ்வளவு நாளா ஏமாந்துட்டோம். இனிமே நீங்க சொல்றதுதான் எங்களுக்கு வேதம். சொல்லுங்க, இப்ப எந்தக் கையைக் கட்டணும்?"

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அய்யா ஊதிய பென்சிலை எடுத்து அந்த மனிதரின் கையில் கொடுத்தார்.

"பிள்ளைங்களுக்கு எழுத நான் சொல்லித் தரேங்க. நீங்க பெரியவங்க எல்லாரும் ஒரே ஒரு வார்த்தையை எழுதிப் பழகுங்க. யாரு எதைச் சொன்னாலும், நானே சொன்னாலும், முதல்ல அதை எழுதிக் காட்டுங்க. 'ஏன்?' ரெண்டே எழுத்து. கோழி கிளறின மாதிரி இருந்தாலும் பரவாயில்ல."